பந்து இல்லாத பக்கம் பாருங்கள்

டென்னிஸின் அழகு, அதன் பழக்கவழக்கங்கள், அதைப் பற்றி எழுதுவது ஆகியவை குறித்து வந்த கேள்விகளில் சில இந்த இதழில்.

"வீட்டில் பிள்ளைகள் விம்பிள்டன் போட்டால் டிவியை விட்டு நகர்வதில்லை. நானும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். கழுத்து வலித்ததுதான் மிச்சம். இதில் எங்கே இருக்கிறது அழகு?"
– வாசகர், ஈரோடு

கழுத்து வலிக்கக் காரணமே நீங்கள் பந்தைப் பார்த்ததுதான். அடுத்த முறை ஒரு கேம் முழுக்க ஒரே ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் போன பிறகும் கண்ணை எடுக்க வேண்டாம். பந்து தன்னிடம் இல்லாத அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான் ஆட்டக்காரர் உண்மையான வேலையைச் செய்கிறார்.

முதலில் காலைப் பாருங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடப்போகும் நேரத்தில் இவர் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளுவார். 'ஸ்பிளிட் ஸ்டெப்' என்பார்கள். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும்போது கால் தரையில் இறங்கியிருக்கும், இறங்கிய வேகத்திலேயே அந்தப் பக்கம் உந்திக்கொள்ளலாம். சீக்கிரம் துள்ளிவிட்டால் உந்துவேகம் தரையிலேயே செத்துப்போகும். தாமதித்தால் அந்தரத்தில் நிற்கும்போதே பந்து கடந்துவிடும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேக சர்வ் ஒன்று எதிராளியிடம் வந்து சேர அரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குள் இந்தத் துள்ளல், திரும்பல், மட்டையைப் பின்னுக்கு எடுத்தல் எல்லாம் முடிய வேண்டும்.

அடுத்தது, அடித்து முடித்ததும் எங்கே போய் நிற்கிறார் என்பது. 'நடுவுக்கு வருகிறார்' என்று வர்ணனையில் சொல்வார்கள். அது பாதி உண்மை. வலது மூலையிலிருந்து குறுக்கே அடித்தவர் நடுக்கோடு வரை வரத் தேவையில்லை, வலப்பக்கமே ஓரிரு அடி தள்ளி நின்றுகொள்ளலாம். அங்கிருந்து எதிராளியால் அடிக்க முடிந்த இரண்டு எல்லைகளுக்கும் சரிபாதி இடம் அதுதான். அதே மூலையிலிருந்து கோட்டை ஒட்டி நேராக அடித்தால் அந்தச் சரிபாதி இடம் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். அதாவது, நேராக அடிப்பவர் கூடுதலாக ஓடச் சம்மதித்துத்தான் அடிக்கிறார். குறுக்கே குறுக்கே என்று ஐந்தாறு பந்து போய்க்கொண்டிருக்கையில் திடீரென ஒருவர் நேராக அடிக்கும்போது கூட்டம் 'ஹா' என்று மூச்சை இழுக்கிறதே, அந்தத் துணிச்சலுக்காகத்தான்.

டிவியின் மேல் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பேஸ்லைனுக்கு, அதாவது மைதானத்தின் பின்கோட்டுக்குப் பின்னால் உயரத்தில் வைத்த கேமரா மைதானத்தின் கணக்கை நன்றாகக் காட்டும், பந்தின் உயரத்தைத் தின்றுவிடும். நெட்டுக்கு மேல் ஒரு மீட்டர் எழும்பிச் சரியும் டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும்) பந்து அதில் தட்டையாகப் போவதுபோல் தெரியும். தரைமட்டக் கேமராவில் மறு ஒளிபரப்புக் காட்டும்போது எழுந்து போகாதீர்கள்.

"ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாமல் 15, 30, 40 என்று எதற்கு? சுழியத்துக்கு 'லவ்' என்பது ஏன்?"
– கல்லூரி மாணவி, திருச்சி

டென்னிஸின் தாய் பிரான்ஸில் உள்ளங்கையால் ஆடிய பழைய ஆட்டம். எண்ணும் முறையும் அங்கிருந்து வந்ததுதான். கடிகார முகத்தில் கால், அரை, முக்கால் என்று முள்ளை நகர்த்தினார்கள், 45 நாளடைவில் 40 ஆயிற்று என்பது பிரபலமான விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் கடிகாரங்களில் நிமிட முள்ளே கிடையாது என்பது அதற்கு இடிக்கிறது. 40–40 என்ற சமனைச் சொல்லும் 'டியூஸ்' இரண்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு புள்ளி தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று அர்த்தம். 'லவ்' என்பது முட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் மருவு என்று ஒரு கட்சி, பணத்துக்காக அல்லாமல் ஆசைக்காக ஆடுவது என்று இன்னொரு கட்சி. பள்ளிக்கூடத்தில் முட்டை மார்க் வாங்கிய நமக்கு முதல் கட்சியின் மேல் சாய்வு வருவது இயற்கை.

பெயர்க் காரணத்தைவிட இந்த எண்ணும் முறை செய்கிற வேலை சுவாரசியமானது. புள்ளிகள் சேர்ந்து கேம், கேம்கள் சேர்ந்து செட், செட்கள் சேர்ந்து ஆட்டம். ஒவ்வொரு படியிலும் பழைய கணக்கு அழிந்துபோகிறது. கேமை 40–0 என்று எடுத்தாலும் பத்து டியூஸ் போய் எடுத்தாலும் ஒன்றுதான். அதனால் அதிகப் புள்ளி எடுத்தவரே தோற்கலாம். 2019 விம்பிள்டன் இறுதியில் ஃபெடரர் எடுத்தது 218 புள்ளி, ஜோகோவிச் எடுத்தது 204. ஐந்தாவது செட்டில் 8–7, 40–15 என்று ஃபெடரர் கையில் இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகளும் (ஒன்றை எடுத்தாலே கோப்பை) இருந்தன. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. அவர் எடுத்த மூன்று செட்டும் டைபிரேக்கில், அதாவது செட் சமனில் நிற்கும்போது ஆடும் கூடுதல் கேமில் வந்தவை.

இன்னொன்று, இதில் கடிகாரம் கிடையாது. முன்னிலையில் இருப்பவர் பந்தைப் பின்னால் தட்டித் தட்டி நேரத்தைக் கடத்த முடியாது. கடைசிப் புள்ளியை எடுத்தே தீர வேண்டும். 2010-இல் இதே விம்பிள்டனில் ஐஸ்னரும் மஹூவும் ஆடிய ஆட்டம் மூன்று நாளில் பரவி 11 மணி 5 நிமிடம் நீண்டு, கடைசி செட் 70–68 என்று முடிந்தது. இன்று அப்படி நடக்க வழியில்லை. 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் (விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகள்) கடைசி செட் 6–6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். ஆட்டக்காரர்களின் முழங்காலுக்கு நல்லது. எங்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

"ஃபெடரர், நடால், ஜோகோவிச் – மூவரில் யார் பெரியவர்?"
– வாசகர், மதுரை

20, 22, 24. கிராண்ட் ஸ்லாம் எண்ணிக்கை இது. அதற்கு மேல் கேட்டால் டீக்கடையில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

"ஒற்றைக் கை பேக்ஹேண்ட்தான் டென்னிஸிலேயே அழகான அடி என்கிறார்கள். பிறகு ஏன் யாரும் அதை ஆடுவதில்லை?"
– வாசகி, கோயம்புத்தூர்

அழகாக இருப்பதற்கும் அழிந்துவருவதற்கும் காரணம் ஒன்றே. அதற்கு நிறைய இடமும் நேரமும் வேண்டும்.

வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவர் இடப்பக்கம் வரும் பந்தை அடிப்பதுதான் பேக்ஹேண்ட். தோள் முழுதாகத் திரும்பி முதுகு நெட்டைப் பார்க்கும். இடக்கை மட்டையின் கழுத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். வலக்கால் குறுக்கே முன்வந்து ஊன்றும். பந்தை உடம்புக்கு நன்றாக முன்னால், இடுப்புயரத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்கும் கணத்தில் இடக்கை மட்டையை விட்டுவிட்டு எதிர்த்திசையில் பின்னால் விரியும். புகைப்படங்களில் சிறகு விரித்தாற்போலத் தெரிவது இந்த இடம்தான். அலங்காரத்துக்காக யாரும் அப்படிச் செய்வதில்லை. இடக்கை பின்னால் போகாவிட்டால் தோள் அவசரப்பட்டுத் திறந்துகொள்ளும், பந்து வலப்பக்கம் வெளியே ஓடிவிடும்.

பந்து தோளுயரத்துக்கு எழும்பினால் சிக்கல் ஆரம்பம். அந்த உயரத்தில் நீட்டிய ஒற்றைக் கைக்கு வலு இல்லை. நடாலின் இடக்கை ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழன்று, ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் விழுந்து தோளுக்கு மேல் எழும்பியதை மண் தளத்தில் வருஷா வருஷம் பார்த்தோம். இரட்டைக் கைக்காரருக்கு இரண்டாவது கை பின்னாலிருந்து தள்ளும், தாமதமாகச் சந்தித்தாலும் சமாளிக்கலாம். வேகமான சர்வைத் திருப்பும்போதும் அதே சௌகரியம். பிடியை மாற்றிப் பெரிதாக வீசுவதற்கு ஒற்றைக் கைக்காரருக்கு அங்கே அவகாசம் இருக்காது, பந்தின் அடியில் வெட்டி ஸ்லைஸ் செய்து தப்பிப்பார். எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு மட்டையின் எடையை ஒற்றைக் கையில் தாங்காது என்பதால் பயிற்சியாளர்களும் தொடக்கத்திலேயே இரண்டு கையைப் பழக்கிவிடுகிறார்கள்.

ஆண்கள் உலகத் தரவரிசை 1973-இல் தொடங்கியது. முதல் பத்து ஆண்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர் ஒருவர்கூட இல்லை என்ற நிலை முதன்முறையாக 2024 பிப்ரவரியில் வந்தது. பிறகு ஒற்றைக் கைக்காரரான இத்தாலியின் முசெட்டி அந்தப் பத்துக்குள் நுழைந்தார், ஆக முழுக்கச் சாகவில்லை. ஃபெடரரே பிற்காலத்தில் 90 சதுர அங்குலத் தலை கொண்ட ராக்கெட்டை விட்டு 97-க்கு மாறி, பேஸ்லைனை விட்டுப் பின்வாங்காமல் பந்து எழும்போதே அடிக்கத் தொடங்கினார். 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நடாலுக்கு எதிராக அது பலித்தது. உயரமாக எழும்பும் பந்துக்கு மருந்து, எழும்பும் முன்பே அதைச் சந்திப்பதுதான். சொல்வது சுலபம்.

"புல், மண், சிமெண்ட் – தளம் மாறினால் ஆட்டம் அவ்வளவு மாறுமா? எல்லாவற்றிலும் அதே பந்துதானே?"
– வாசகர், தூத்துக்குடி

பந்து கிட்டத்தட்ட அதேதான். எடை 56 முதல் 59.4 கிராம், விட்டம் ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர். தரையைத் தொடும்போது எவ்வளவு உராய்கிறது, எவ்வளவு எழும்புகிறது என்ற இரண்டில்தான் வித்தியாசம். மண்ணில் உராய்வு அதிகம். பந்து தன் முன்வேகத்தை அங்கே இழந்து மேலே எழும்பும். புல்லில் வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகும். மண்ணில் ஆடும் பாரிஸின் பிரெஞ்சு ஓபனில் எட்டிப் பிடித்துவிடக்கூடிய அடி, புல்லில் ஆடும் லண்டனின் விம்பிள்டனில் அப்படியே கடந்துபோய்விடும்.

விம்பிள்டன் புல்லின் கதையை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். 2001 முதல் அங்கே முழுக்க ஒரே வகைப் புல், பல்லாண்டு ரைகிராஸ். அதற்கு முன் 70 பங்கு ரை, 30 பங்கு செந்நிறப் படர்புல் கலவை. ரை தடித்து நிமிர்ந்து நிற்கும், உதை தாங்கும், அடியில் மண்ணையும் கெட்டியாக வைத்துக்கொள்ளலாம். அதனால் பந்து முன்னைவிட உயரமாக, நம்பகமாக எழும்பியது. சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடுகிறவர்களின் ராஜ்யம் அத்தோடு ஆட்டம் கண்டது. அடுத்த வருஷமே, 2002 இறுதியில், ஹியூவிட்டும் நல்பாண்டியனும் பேஸ்லைனை விட்டு நகராமல் ஆடினார்கள். பழைய புகைப்படங்களில் இரண்டாம் வாரத்துப் புல்லைப் பாருங்கள். பேஸ்லைனிலிருந்து நெட் வரை ஒற்றையடிப் பாதைபோல் தேய்ந்து கிடக்கும். இன்று பேஸ்லைனை ஒட்டி மட்டும் பழுப்புத் திட்டு, முன்பக்கம் பச்சைப் பசேல். போட்டியின்போது புல்லை 8 மில்லிமீட்டருக்கு வெட்டி வைக்கிறார்கள்.

பாரிஸின் சிவப்பு உண்மையில் மண்ணே அல்ல. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவிய செங்கல் தூள். அதன் கீழே பொடித்த சுண்ணாம்புக்கல் ஆறேழு சென்டிமீட்டர், அதற்கும் கீழே கரித்தணல் கசடும் ஜல்லியும். ஆட்டம் நிற்கிற தளம் சுண்ணாம்புதான், செங்கல் தூள் வழுக்குவதற்கும் நிறத்துக்கும். தண்ணீர் விடுவதில்தான் பராமரிப்பாளரின் கைப்பக்குவம். காய்ந்துவிட்டால் தூள் பறந்து தளம் வேகமாகும், கால் பிடிக்காது. அதிகம் நனைந்தால் பந்தில் ஒட்டி அது கனக்கும். செட்டுக்குச் செட்டு தரையின் மேல் ஒரு வலையை இழுத்துச் சமப்படுத்துவதும் கோடுகளைத் துடைப்பதும் இதனால்தான்.

மண்ணில் சறுக்குவதைப் பார்த்துத் தொடங்குபவர்கள் செய்யும் தவறு, பந்தை அடித்துவிட்டுச் சறுக்குவது. சறுக்கல் முதலில் தொடங்க வேண்டும், அடிக்கும்போது முடிகிற கட்டத்தில் இருக்க வேண்டும். முன்கால் பாதம் போகும் திசையைப் பார்த்தபடி தட்டையாக, எடை அதன் மேல். அடித்த பிறகும் சறுக்கிக்கொண்டே போனால் திரும்பி வர இரண்டு எட்டு கூடுதல். சிமெண்ட் தளத்தில் இதை விளையாட்டாக முயன்று கணுக்காலைத் திருகிக்கொள்ள வேண்டாம். அந்தத் தளத்தின் வேகம் மேலே பூசும் அக்ரிலிக் வண்ணத்தில் எவ்வளவு மணல், எவ்வளவு பருமனான மணல் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

"ராமநாதன் கிருஷ்ணனின் ஆட்டத்தை 'டச்' என்று என் தாத்தா சிலாகிப்பார். அது என்ன 'டச்'? இன்று அதை யாராவது கற்றுக்கொள்ள முடியுமா?"
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊரில் பிறந்தவரைப் பற்றி உங்கள் ஊரிலிருந்தே கேள்வி. 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் முறை தோற்றது நீல் ஃபிரேசரிடம், இரண்டாம் முறை ராட் லேவரிடம். அந்தந்த ஆண்டுக் கோப்பை அவர்களுக்கே போனது. லேவரைச் சந்திக்கும் முன் 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் முடித்திருந்தார். நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில், 1966-இல் கல்கத்தாவில் பிரேசிலின் கோச்சுக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட் பின்தங்கி, நான்காவது செட்டில் 2–5 என்று நின்றவர் அங்கிருந்து மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என்று ஜெயித்தது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் நியூகோம்–ரோச் ஜோடியை இரட்டையரில் சாய்த்தது.

இத்தனையும் பெரிய சர்வ் இல்லாமல். மகன் ரமேஷும் அப்படியே. 1979-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1986-இல் விம்பிள்டன் காலிறுதி, 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போதைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வென்றது. சர்வைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆட்டம் முடியும்போது அவர்கள் சிரித்ததாகத் தெரியவில்லை.

'டச்' என்றால் மென்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிராளி கொண்டுவரும் வேகத்தை எவ்வளவு வாங்கிக்கொள்வது, எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்ற கணக்கு அது. வீச்சு குறுகியது, பந்தை எழும்போதே சந்திப்பது, வேகத்தைத் தானாக உண்டாக்காமல் எதிராளியுடையதையே திசை மாற்றி விடுவது. நம் ஊர் கேரம்போர்டில் ஓரத்துக் காயை நோகாமல் தட்டிவிடுவார்களே, அந்த விரல்.

கற்றுக்கொள்ள முடியுமா என்றால், ஒரு பகுதியை முடியும். நெட்டைத் தாண்டியதும் மெதுவாக விழச் செய்யும் டிராப் ஷாட்டிலிருந்து தொடங்குங்கள். பிடியின் இறுக்கம் பத்துக்கு மூன்று இருக்கட்டும். மட்டை முகம் சற்று வானம் பார்க்க, பந்தின் பின்புறத்திலிருந்து அடிப்பக்கமாக வருடி இறக்குங்கள். பந்து அதன் உச்ச உயரத்தை உங்கள் பக்கமே தொட்டுவிட்டு, நெட்டைத் தாண்டும்போது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது குத்தும் சர்வீஸ் கோட்டுக்குள்ளேயே விழுந்தால் சரியான டிராப். பெரும்பாலும் கெடுவது மூன்று விதத்தில்: பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று முயல்வது, பயத்தில் பிடியை இறுக்குவது, வீச்சை ஆரம்பத்திலேயே மெதுவாக்கி 'வருகிறது டிராப்' என்று எதிராளிக்குத் தந்தி கொடுப்பது. தோள் திரும்பலும் மட்டை எடுப்பும் முழு அடிக்கானது போலவே இருக்கட்டும்.

"விம்பிள்டனில் எல்லோரும் ஏன் வெள்ளை? ஏன் அத்தனை நிசப்தம்?"
– வாசகி, காரைக்குடி

வியர்வைக் கறை வெள்ளையில் குறைவாகத் தெரியும் என்ற விக்டோரியா காலத்து நாகரிகம் விதியாகி நின்றுவிட்டது. வெள்ளை என்றால் சந்தன வெள்ளை, பால் வெள்ளை எல்லாம் கூடாது. கழுத்திலும் கை விளிம்பிலும் நிறக்கோடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெண் ஆட்டக்காரர்கள் உள்ளே அடர்நிறக் கால்சட்டை அணியலாம் என்று 2023-இல்தான் தளர்த்தினார்கள். மாதவிடாய்க் கவலையோடு வெள்ளையில் ஓடச் சொல்வது எவ்வளவு அநியாயம் என்று புரிய அத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

நிசப்தத்துக்குச் சடங்கைத் தாண்டிய காரணம் உண்டு. பந்து மட்டையில் படும் ஒலி ஒரு தகவல். நடுவில் பட்டால் ஒரு ஒலி, விளிம்பில் பட்டால் வேறு, ஸ்லைஸ் என்றால் உரசல். கண் கணக்கிடும் முன்பே காது சொல்லிவிடும். கூட்டத்தின் இரைச்சல் அதை மறைத்துவிடும்.

"பழைய மர ராக்கெட் காலத்து ஆட்டம் அழகு, இப்போது வெறும் மொத்து என்கிறார் என் நண்பர். உண்மையா? கூடவே ஒன்று: என் மகளுக்கு ராக்கெட் வாங்கினோம், மூன்று மாதத்தில் முழங்கையில் வலி."
– வாசகர், சேலம்

நண்பர் சொல்வதில் பாதி நியாயம். மர ராக்கெட்டின் தலை 65–70 சதுர அங்குலம், எடை 400 கிராமை நெருங்கும். அந்தச் சின்ன வட்டத்தில் கீழிருந்து மேலாக வேகமாக வருடினால் பந்து விளிம்பில் பட்டு எங்கோ போகும். அதனால் வீச்சு நீளமாக, தட்டையாக, நிதானமாக இருந்தது. கண்ணுக்கு அழகு. இன்று தலை 98–100 சதுர அங்குலம், எடை 300 கிராம் சுமார். போர்க் மர ராக்கெட்டிலேயே டாப்ஸ்பின் ஆடிக் காட்டினார் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள்.

உண்மையான புரட்சி சட்டத்தில் நடக்கவில்லை, ஸ்ட்ரிங்கில் நடந்தது. பாலியெஸ்டர் இழை வழவழப்பானது. பந்து படும்போது நெடுக்கு இழைகள் பக்கவாட்டில் விலகி, பந்து கிளம்பும் முன் 'சடக்'கென்று இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பல் கூடுதல் சுழற்சி தருகிறது. தரவரிசையில் 66-ஆவது இடத்தில் இருந்த பிரேசிலின் குயெர்ட்டன் 1997-இல் பிரெஞ்சு ஓபனை வென்றபோது அவர் கையில் இருந்தது இதுதான். பிறகு எல்லோரும் மாறினார்கள். அதற்கு முன் மேல்தட்டு ஆட்டக்காரர்கள் விரும்பியது மாட்டுக் குடலில் செய்த இழை. நம் கடைகளில் இன்னும் 'கட்' (gut, குடல்) என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

மகளின் முழங்கைக்கு வருவோம். கடையில் பாலியெஸ்டரைப் போட்டுக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அது விறைப்பானது, அதிர்ச்சியைக் கைக்குக் கடத்தும். இளம் கைக்கு வேண்டாம். நைலான் பல்லிழை ஸ்ட்ரிங் போட்டு, இழுவிசையை 50 பவுண்டு சுற்றுவட்டாரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இழுவிசை குறைந்தால் பந்து நீளமாகப் போகும், கை நிம்மதியாக இருக்கும். கைப்பிடி அளவையும் பாருங்கள்: பிடித்தபின் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறியது, அதிகமாக இறுக்கிப் பிடிப்பாள், வலி வரும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறாளோ வருஷத்துக்கு அத்தனை முறை ஸ்ட்ரிங் மாற்றுங்கள், அறாவிட்டாலும். வலி இரண்டு வாரத்தில் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

"விளையாட்டைப் பற்றிய இலக்கியக் கட்டுரை எழுத ஆசை. டென்னிஸ் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஸ்கோர் விவரமாகவோ பாராட்டுப் பத்திரமாகவோ முடிகிறது. எப்படி எழுதுவது?"
– பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

சுருக்கித் தொடங்குங்கள். ஒரு வாழ்க்கையையோ ஒரு போட்டித் தொடரையோ எடுக்காதீர்கள். 1968 அமெரிக்க ஓபனில், ஃபாரஸ்ட் ஹில்ஸில், ஆஷும் கிரேப்னரும் ஆடிய ஒரே ஒரு அரையிறுதியை வைத்து அமெரிக்க எழுத்தாளர் ஜான் மெக்ஃபீ முழுப் புத்தகம் எழுதினார். நீங்கள் ஒரு கேமை எடுங்கள். முடிந்தால் ஒரு புள்ளியை.

பேனாவைத் தொடும் முன் அந்தப் புள்ளியைப் பத்து முறையாவது ஓடவிட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: அப்போது ஸ்கோர் என்ன, சர்வ் யாருடையது, எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனையாவது அடியில் யார் முதலில் திசை மாற்றினார், பந்து எந்த உயரத்தில் சந்திக்கப்பட்டது, பந்து இல்லாதவர் அப்போது எங்கே நின்றார். இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளரின் பெயரடைகள் உங்கள் தலைக்குள் ஏறாமல் இருக்கும்.

ஒரு உதாரணம். 2008 விம்பிள்டன் இறுதி, நான்காவது செட் டைபிரேக், நடால் 8–7. இது சாம்பியன்ஷிப் புள்ளி. வழக்கமாக இப்படி எழுதுவோம்: 'தோல்வியின் விளிம்பில் நின்ற ஃபெடரர் அடிபட்ட வேங்கையாய்ச் சீறி, மின்னல் வேகத்தில் ஓர் அற்புதமான பேக்ஹேண்டை விளாசினார்.' இதில் வேங்கை தெரிகிறது, மின்னல் தெரிகிறது, பேக்ஹேண்ட் தெரியவில்லை. இப்படி எழுதிப் பார்க்கலாம்:

'சர்வ் நடாலுடையது. ஃபோர்ஹேண்டால் ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் அழுத்திவிட்டு முன்னேறி வருகிறார். குறுக்கே அடித்தால் நெட்டின் நடுப்பகுதி தாழ்வு, 91 சென்டிமீட்டர். மைதானமும் மூலைக்கு மூலை 25 மீட்டர் நீளம். கோட்டை ஒட்டி நேராக அடித்தால் நெட் 15 சென்டிமீட்டர் உயர்வு, நீளம் 24 மீட்டருக்கும் குறைவு, இடப்பக்கம் ஒரு சாண் பிசகினாலும் ஆட்டம் முடிந்தது. ஃபெடரர் நேராக அடிக்கிறார். நடால் திரும்பிப் பார்க்கும்போது பந்து அவரைக் கடந்துவிட்டிருக்கிறது. 8–8.'

அந்த டைபிரேக்கை ஃபெடரர் எடுத்தார், ஆட்டத்தை நடால் எடுத்தார், 9–7 என்று, இருட்டில், 4 மணி 48 நிமிடத்துக்குப் பிறகு. அது கட்டுரையில் கடைசிக்கு முந்தைய வரியில் வந்தால் போதும்.

கலைச்சொல் பற்றி: 'முன்கை அடி', 'பின்கை அடி' என்று எழுதுவதில் தவறில்லை, ஆனால் மைதானத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சர்வ், வாலி, லாப் என்றே எழுதுங்கள். வினைச்சொல்லில் தமிழைக் காட்டுங்கள். வருடுவது, தட்டுவது, வெட்டுவது, தூக்கிவிடுவது, நழுவவிடுவது, அறைவது என்று பந்தை அடிக்க நம்மிடம் இருக்கிற சொற்களை அளந்து பயன்படுத்தினால் பெயரடையே தேவைப்படாது. 'அழகான' என்ற சொல்லைக் கட்டுரை முழுக்க ஒரு முறைகூட எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். ஃபெடரரைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 2006-இல் எழுதிய கட்டுரை பரவசத்துக்குப் பேர்போனது. ஆனால் அந்தப் பரவசத்தைத் தாங்குவது, சிறுவயதில் போட்டி டென்னிஸ் ஆடிய ஒருவரின் கோணக் கணக்கு. பரவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிடுகிறவர்கள்தான் அதைப் பார்த்து எழுதி வழுக்கி விழுகிறார்கள்.

"நுங்கம்பாக்கத்தில் அடுத்த முறை போட்டி நடந்தால் நேரில் பார்க்க வேண்டும். எந்த இருக்கை நல்லது?"
– வாசகி, சென்னை

பேஸ்லைனுக்குப் பின்னால், மிக மேலேயும் இல்லாமல் மிகக் கீழேயும் இல்லாமல் நடு வரிசை. கோணம், பந்தின் வளைவு இரண்டும் தெரியும். வேகம்தான் பார்க்க வேண்டும் என்றால் பக்கவாட்டில், கீழ் வரிசை. அங்கே கழுத்து வேலை கூடுதல். கண்ணில் வெயில் படாதிருக்க டென்னிஸ் மைதானங்களைப் பொதுவாக வடக்கு–தெற்காக அமைப்பார்கள், எனவே பிற்பகல் ஆட்டத்துக்கு மேற்குப் பக்க இருக்கைக்குத்தான் முதலில் நிழல் வரும். டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கிய ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பயிற்சி மைதானத்தின் வேலியோரம் நில்லுங்கள். அங்கே ஆட்டக்காரர் பத்தடி தூரத்தில் இருப்பார், அந்த ஒலி எந்த டிவியிலும் கிடைக்காது. ஆட்டம் தொடங்கியபின் எழுந்து நடக்கலாகாது. ஒற்றைப்படை கேம்கள் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள். முதல் கேமுக்குப் பிறகு உட்கார மாட்டார்கள், மூன்றாவதிலிருந்துதான் 90 விநாடி இடைவேளை. காபி வாங்கப் போகிறவர்கள் அந்த 90 விநாடியில் திரும்பி வந்துவிட முடியாது. அடுத்த இரண்டு கேமும் வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.